இடப்பக்க மானிட்டர்

பிப்ரவரி 3, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவருடைய நாளை எந்த நாளை என்று அவருக்கே தெரியாது.

இன்று வீட்டிலிருந்தே வேலை. நீள மேசையில் என் மானிட்டர் வலப்பக்கம், என் வீட்டுக்காரருடையது இடப்பக்கம். அவர் போன பிறகு அதையும் என் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டேன். இருட்டாகச் சும்மா நிற்பதைப் பார்க்க முடியவில்லை. இப்போது எதைத் திறந்தாலும் பாதி அங்கே போய்த்தான் திறக்கிறது. நான் திரும்ப வேண்டியிருக்கிறது. திரும்பினால் நாற்காலி காலி.

அத்தை காலையில் அந்த மானிட்டரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "காய்ஞ்ச துணியால துடைங்க அத்தை, கோடு கோடா நிக்குது" என்றேன். "நிக்கட்டும். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார்.

அத்தையின் மகன் போய் ஆறு மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர். அத்தை இந்த ஆறு மாதத்தில் என் எதிரில் ஒரு தடவைகூட 'செத்துட்டான்' என்று சொன்னதில்லை. நானும் சொல்ல வைத்ததில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மோட்டார் ஓடுகிறது. அத்தை உள்ளறையில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். தங்கச்சி என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆபீசில் முதலாளிக்கு 'உடனே' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். இன்று அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார்.

நம் மென்பொருளை வைத்துத்தான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை ஓடுகிறது. அங்கே ஒருவர் போனை எடுத்து முகவரியைக் கேட்டு டைப் செய்வார். அது வண்டி அனுப்புகிறவரின் ஸ்கிரீனில் சின்ன விண்டோவாகத் திறக்கும். அவர் பார்த்து, பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறதோ அதை அனுப்புவார். சனிக்கிழமை மதியம் ஒரு தையல்காரர் கடையில் மெஷின் முன்னால் சரிந்துவிட்டார். பக்கவாதம். மனைவி போன் செய்திருக்கிறார். முகவரி பதிவாகியிருக்கிறது. வண்டி போகவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டுக் கத்தின பிறகுதான் போயிருக்கிறது. இடையில் அரைமணி.

ஆள் பிழைத்துவிட்டார். பேச்சு போய்விட்டது. வலக்கை போய்விட்டது. தையல்காரருக்கு வலக்கை.

"அங்க உட்கார்ந்திருந்த பொண்ணு, விண்டோவே வரலங்கறா. தூங்கியிருப்பா. சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. இருந்தாலும் நம்மளையும் கேக்கறாங்க. நீ போய் ஒரு தடவை பாத்துட்டு, நம்ம பக்கம் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துரு" என்றார் உடனே சார்.

"பாக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணும் இல்லன்னு எப்படி சார்?"

அவர் மேசைக் காகிதங்களை அடுக்கினார். ஏன் அப்படி எழுதச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எந்த விண்டோ எந்த மானிட்டரில், எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்ற பகுதியை எழுதியது அவர். என் வீட்டுக்காரர்.

பிப்ரவரி 11, புதன்

பகல் முழுவதும் அவர் எழுதியதைப் படித்தேன். வரிக்கு வரி அவர் குரல் கேட்கிறது. ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் இரண்டு வரி இடம் விடுவார், மூச்சு வாங்குகிற மாதிரி. கல்யாணப் பத்திரிகை வாசகத்தையே அப்படி எழுதித் தந்து அச்சகக்காரரிடம் திட்டு வாங்கினார்.

அவர் வழி எளிமையானது. ஒரு விண்டோவை மூடும்போது அது இருந்த இடத்தை எழுதி வைத்துக்கொள்வது. அடுத்த முறை அதே இடத்தில் திறப்பது. முதல் மானிட்டரின் மேல் இடது மூலைதான் பூஜ்யம். அதற்கு இடப்பக்கம் இன்னொரு மானிட்டர் இருந்தால் அங்கேயுள்ள இடமெல்லாம் கழித்தல் கணக்கில் வரும். எல்லாம் சரி.

அந்த மானிட்டர் இல்லாமல் போனால்?

அதற்கு ஒரு சோதனை இருக்க வேண்டும். இந்த இடம் இப்போதும் ஏதாவது ஸ்கிரீனுக்குள் வருகிறதா என்று பார்க்கிற சோதனை. பத்து வரி வேலை. எந்தக் கத்துக்குட்டியும் எழுதுவான். அவர் எழுதவில்லை. இல்லை, எழுதியிருக்கிறார். எழுதி, வேலை செய்யாதபடி நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஏன்? உங்களைத்தான் கேட்கிறேன். ஏன் நிறுத்தினீங்க?

பிப்ரவரி 12, வியாழன்

தூக்கம் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத நீளமான கூடம். குளிர்சாதனச் சத்தம். அரைவட்டமாக ஆறு இருக்கைகள். எல்லோரும் மெதுவாகவே பேசுகிறார்கள். யாராவது சாகக் கிடக்கும் முகவரியை இவ்வளவு நிதானமான குரலில் கேட்க எப்படிப் பழகினார்களோ.

சூப்பர்வைசர் ஐம்பது வயதுக்காரர். தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் எதையும் ஆரம்பிப்பார். அந்தப் பெண்ணையும் வரவழைத்திருந்தார். மூணாம் சீட்டு என்றுதான் அவளைக் கூப்பிடுகிறார்கள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள், பஸ்ஸில் நெரிசலில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி.

முதலில் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தையல்காரர் மனைவியின் குரல். "அவரு என்னைப் பாக்கறாரு. பாத்துக்கிட்டேதான் இருக்காரு. ஆனா பேச மாட்டேங்கறாரு." இதை எழுதும்போதும் கேட்கிறது.

பெண் சொன்னாள்: "நான் தூங்கலக்கா. மணி அடிச்சுது. ஆறு சீட்டுக்கும் ஒரே மணிதான், யாருக்கோன்னு நினைச்சேன். ஸ்கிரீன்ல அப்ப ஒரு கேஸ் இருந்துச்சு, அதுக்கு வண்டி பாத்துக்கிட்டிருந்தேன். இன்னொண்ணு வரவே இல்ல. கண்ணு முன்னாடி வராததை நான் எங்கன்னு போய்த் தேடறது?"

அவளையே உட்காரச் சொல்லி, ஒரு பொய்க் கேஸ் அனுப்பச் சொன்னேன். விண்டோ நடுவில் அழகாகத் திறந்தது. சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை மூடாமல், உடனே இன்னொன்று அனுப்பச் சொன்னேன். மணி அடித்தது. ஸ்கிரீனில் எதுவும் இல்லை. கீழே பட்டையில் மட்டும், ஒரு சின்னத்துக்குப் பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தெரிந்து தேடினால்தான் தெரியும்.

கீபோர்டில் அந்த விண்டோவைப் பிடித்து வலப்பக்க அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இடது ஓரத்திலிருந்து ஒரு விளிம்பு. பிறகு பாதி. பிறகு முழுசாக ஊர்ந்து வந்து நின்றது. அந்தப் பொய் முகவரி, சிவப்பு எழுத்தில். அது எப்போதோ திறந்துவிட்டது. யாரும் பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பெண் அழவில்லை. "சார், பாத்தீங்களா" என்றாள். இரண்டே சொல். சூப்பர்வைசர் கனைத்தார்.

"இந்த சீட்டுக்கு இடப்பக்கம் இன்னொரு மானிட்டர் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு மேடம். அஞ்சாம் சீட்டுல ஒண்ணு புகைஞ்சு போச்சு, இதைக் கழட்டி அங்க மாட்டினோம். ஒரு மாசம் ஆச்சு."

முன்பு இரண்டு கேஸ் சேர்ந்து வந்தால் இரண்டாவதை இடப்பக்க மானிட்டரில் தள்ளி வைப்பது அந்த இருக்கையின் வழக்கம். மென்பொருள் அந்த வழக்கத்தை நினைவில் வைத்திருந்தது. மானிட்டர் போனது அதற்குத் தெரியாது. அந்த இருக்கைக்கு இரண்டு கேஸ் சேர்ந்து வருவது அபூர்வம். சனிக்கிழமை வந்துவிட்டது.

இதை வைத்து உவமை ஏதும் எழுதக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஒரு மனிதனுக்குப் பேச்சு போயிருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

நேற்று எழுதாமல் விட்டது. எழுத முடியவில்லை. இன்றும் கை தடுக்கிறது.

கிளம்பும்போது சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மானிட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஸ்டிக்கர். 'ஸ்கிரீனை நகர்த்தும் முன் கூப்பிடவும்.' கீழே போன் நம்பர். என் வீட்டுக்காரர் கையெழுத்து. வலப்பக்கம் சாய்கிற ன்.

"சார் இங்க ஒரு வாரம் எங்களோடயே உக்காந்திருந்தாரு மேடம். முதல்ல, ஒரு மானிட்டர் காணோம்னா எல்லா விண்டோவும் மெயின் ஸ்கிரீன்ல வந்து குவியற மாதிரிதான் வச்சிருந்தாரு. ஆனா ஒயர் லேசா ஆடினாலே, ஸ்கிரீன் கொஞ்சம் கண்ணசந்தாலே எல்லாம் மேப் மேல வந்து விழுந்துரும். வண்டி எங்க போகுதுன்னே தெரியாது. நாங்க சண்டை போட்டோம். சரி, இப்போதைக்கு நிறுத்தி வைக்கறேன், நிதானமா வேற வழி பண்றேன், அதுவரைக்கும் எதைக் கழட்டறதா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, நான் ஆபீஸ்லேருந்தே பழைய இடத்தை அழிச்சுடறேன்னாரு. ஒட்டிட்டுப் போனாரு."

நிதானமாக வேறு வழி. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

நான் கேட்டேன்: "அப்ப நீங்க போன் பண்ணலயா?"

அவர் முகம் மாறியது. "பண்ணேன் மேடம். கழட்டறதுக்கு முன்னாடி பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க. விவரம் சொன்னேன். 'அவன் வெளிய போயிருக்கான், நீங்க கழட்டிக்கோங்க, வந்ததும் சொல்லிடறேன்'னாங்க. நானும் சரின்னு கழட்டினேன். இப்ப உங்க முதலாளி, அப்படி யாரும் போன் எடுத்திருக்கவே முடியாதுங்கறாரு. நான் பொய் சொல்றேங்கறாரு."

அவன். ஆபீசில் யாரும் அவரை அவன் என்று சொல்ல மாட்டார்கள்.

சூப்பர்வைசர் தொடர்ந்து கேட்டார், "சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லயா மேடம்? ரொம்ப நாளா வரலயே." அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் படியில் இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அத்தை குளிக்கப் போயிருந்தபோது தலையணையைத் தூக்கினேன். என் வீட்டுக்காரருடைய போன். முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கிறது. ஓரத்தில் இருந்த கீறல் அப்படியே.

நம்பரை நிறுத்திவிட்டேன் என்று அத்தைதான் சொன்னார், அப்போதே. நான் கேட்டு உறுதி செய்யவில்லை. எதைத்தான் உறுதி செய்தேன் அந்த மாதத்தில்.

திருப்பி அதே இடத்தில் வைத்துவிட்டேன், திருடி மாதிரி.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று கேட்டுவிட்டேன். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அவர் போன் உங்ககிட்டதான் இருக்கா அத்தை?"

கத்தி நின்றது. மறுபடி நறுக்கினார். "இருக்கு."

"யாராவது கூப்பிட்டா எடுக்கறீங்களா?"

"எடுக்காம? மணி அடிச்சா எடுக்கத்தானே போன்."

"எடுத்து என்ன சொல்றீங்க?"

"வெளிய போயிருக்கான்னு சொல்றேன். வந்ததும் சொல்றேன்னு சொல்றேன். வேற என்ன சொல்லணும்?" குரலில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. "பேங்க்காரன் கூப்பிடறான். கூடப் படிச்சவன் ஒருத்தன் வெளிநாட்டுல இருந்து கூப்பிட்டான், அவனுக்கு ஒண்ணும் தெரியல, அரைமணி பேசினான். இவன் சின்னப் பிள்ளைல பண்ண சேட்டையெல்லாம் சொன்னான். நானும் சிரிச்சேன்."

"ஏன் அத்தை?"

"செத்துட்டான்னு ஒரு தடவை சொல்லிட்டா அவங்க மறுபடி கூப்பிட மாட்டாங்கம்மா. சொல்லாத வரைக்கும் அவனைக் கேட்டு யாராவது கூப்பிட்டுட்டே இருப்பாங்க."

நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தையல்காரரைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. காயை வாங்கி நான் நறுக்கினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வெள்ளிக்கிழமை விசாரணை. உடனே சார் பேச வேண்டியதைத் தயார் செய்துவிட்டார். மானிட்டரை எங்களிடம் சொல்லாமல் கழற்றினார்கள். ஒப்பந்தப்படி சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் கவனிக்கவில்லை. மென்பொருள் தன் வேலையைச் செய்தது. கடைசி வரி உண்மை என்பதுதான் கொடுமை.

"அவங்க சொன்னாங்க சார். போன் பண்ணியிருக்காங்க" என்றேன்.

"யாருக்கு? செத்தவனுக்கா?"

அவரே அதிர்ந்துபோனார். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பாடைக்கு முன்வரிசையில் தோள் கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

"அவங்களுக்கு அவர் செத்தது தெரியாது சார். நாம சொல்லல."

அதுதான் உண்மை. அவர் இறந்த வாரம் முதலாளிதான் சொன்னார்: இந்தப் பகுதி முழுக்க அவன் கையில இருந்ததுன்னு தெரிஞ்சா கிளையன்ட் பயந்து ஓடிருவான், கொஞ்ச நாள் போகட்டும். நான் தலையாட்டினேன். அப்போது எதற்குத்தான் தலையாட்டவில்லை. கொஞ்ச நாள் அப்படியே ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆக, அத்தை மட்டும் அவரை 'வெளியே போயிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சொன்னால் அத்தையை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பெண் தூங்கினவள், சூப்பர்வைசர் பொய்யர். என் வீட்டுக்காரர் அறிவாளி, ஒன்றும் தப்பு செய்யாதவர், படத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? இடப்பக்கம் திரும்பித்தான் கேட்டேன். அசிங்கமாக இருக்கிறது எழுத.

பிப்ரவரி 19, வியாழன்

அந்தப் பெண் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. உள்ளே வரமாட்டேன் என்றாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நான் வேலைக்காக வரலக்கா. தினம் அந்தக் குரல் கேக்குது. நான் நிஜமாவே பாக்கலயா, இல்ல பாத்துட்டு மறந்துட்டேனான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு. எல்லாரும் தூங்கினேன்னு சொல்லிச் சொல்லி, தூங்கின மாதிரியே ஞாபகம் வருது. வெள்ளிக்கிழமை நீங்க என்ன சொன்னாலும் பரவால்ல. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் தூங்கினேனா?"

"தூங்கல" என்றேன். "விண்டோ வெளியில திறந்துச்சு. நீ எவ்வளவு முழிச்சுப் பாத்தாலும் தெரிஞ்சிருக்காது."

டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் குடிக்காமல் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல்காரர், அவர் மனைவி, இந்தப் பெண், மானிட்டர், போன். எதையும் பூசி மெழுகவில்லை. விண்டோ என்றால் என்ன என்று ஒரு தடவை கேட்டார், சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்து. சாப்பிட எழுந்திருக்கவில்லை.

கொன்றுவிட்டேனோ.

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் அத்தை குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி, வாசலில் செருப்போடு நின்றிருந்தார். "எத்தனை மணிக்குப் போகணும்?"

"நான் சொல்லிக்கறேன் அத்தை. நீங்க வர வேணாம்."

"நீ போன் எடுத்தியா? நான்தானே எடுத்தேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள். உடனே சார் தயார் செய்ததைப் பேசினார். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் போன் செய்ததைச் சொன்னார். "யார் எடுத்தது, பெயர் என்ன, என்ன பதவி?" என்று அதிகாரி கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. கனைத்தார்.

அப்போது அத்தை கதவோரத்திலிருந்து எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"நான்தாங்க எடுத்தேன். கழட்டிக்கோங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்கு மானிட்டரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பையன் வெளிய போயிருக்கான், வந்ததும் சொல்றேன்னு சொன்னேன்."

"நீங்க பையன்கிட்ட சொன்னீங்களாம்மா?"

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அந்த அதிகாரியை. "சொல்லலங்க. எம்பையன் அப்ப உயிரோட இல்ல. செத்துட்டான். ஆகஸ்ட்டுல செத்துட்டான்."

சொல்லிவிட்டு நின்றார். உட்காரத் தெரியாதவர் மாதிரி. அந்தப் பெண்தான் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளேதான்.

அதற்குப் பிறகு நான் பேசினேன். நிறுத்தி வைத்திருந்த சோதனை, அதன் காரணம், அவர் இறந்ததை நாங்கள் மறைத்தது. உடனே சார் என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. கடைசியில் அவரே எழுந்து, "மறைக்கச் சொன்னது நான். இவங்க இல்ல" என்றார். அந்தக் குரலை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை சொன்னார்: "வாயில ஏதோ கசப்பு. தண்ணி வச்சிருக்கியா?"

மார்ச் 2, திங்கள்

அந்தப் பெண்ணை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசரை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். யாரையாவது ஏதாவது செய்ய வேண்டுமே. எங்களுக்கு ஒரு மாதம் அவகாசம். அதற்குள் சரி செய்யாவிட்டால் மென்பொருளையே தூக்கிவிடுவார்கள். உடனே சார் "உடனே" என்றார். முதல் தடவையாக எல்லோருக்கும் அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

மார்ச் 11, புதன்

அவர் சொன்ன 'வேறு வழி' என்னவாக இருந்திருக்கும் என்று தெரியாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. நானே யோசித்தேன்.

ஒரே இடத்தை நினைவில் வைப்பது போதாது. எத்தனை மானிட்டர், எது எங்கே என்கிற ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனியாக இடத்தை நினைவில் வைக்க வேண்டும். மானிட்டர் ஒன்று காணாமல் போனால் பதறி எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டக் கூடாது; கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒயர் ஆடினதாக இருந்தால் அது திரும்பி வரும், விண்டோ இருந்த இடத்திலேயே இருக்கும். திரும்பி வராவிட்டால், ஒவ்வொன்றாக, மேப்பை மறைக்காத இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கேஸ் விண்டோவுக்கு மட்டும் இந்த நியாயம் எதுவும் கிடையாது. அது நினைவை நம்பியே திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும், இப்போது கண்ணெதிரே என்ன மானிட்டர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

அவர் எழுதியதில் பாதியை அழித்தேன். ஒவ்வொரு பத்தியையும் ஒரு தடவை வாசித்துவிட்டு அழித்தேன். இரண்டு வரி இடைவெளிகளை மட்டும் விட்டுவைத்தேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

கட்டுப்பாட்டு அறையில் சோதனை. மூன்றாம் இருக்கைக்கு ஒரு மானிட்டரை மாட்டி, கேஸ்கள் அனுப்பிக்கொண்டே இருக்கும்போது ஒயரைப் பிடுங்கினேன். இரண்டாவது கேஸ் அந்தப் பெண்ணின் எதிரிலேயே வந்து நின்றது. ஆட்டினோம், பிடுங்கினோம், எழுத்து அளவு வேறான பெரிய மானிட்டரை மாட்டினோம், தலைகீழாக மாட்டினோம். வந்துகொண்டே இருந்தது.

"போதும்கா" என்றாள். "வருது."

நான் இன்னும் நாலு தடவை பிடுங்கினேன்.

ஸ்டிக்கர்களைக் கிழித்தோம், அவளும் நானும். நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. நல்ல பசை. எதையும் அரைகுறையாக ஒட்ட மாட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

அத்தை தையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். போனோம். மனைவியிடம் யார் என்று சொன்னேன். அவர் எங்களை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வாசல்படியில் நின்றார். உள்ளே நாற்காலியில் தையல்காரர் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. எங்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அத்தை, "மன்னிச்சுக்கோங்கன்னு கேக்க வரல. பாக்க வந்தேன்" என்றார்.

அந்த அம்மா, "பாத்தாச்சுல்ல" என்றார்.

திரும்பி வந்தோம்.

ஏப்ரல் 8, புதன்

அத்தையே கேட்டார். "அந்த நம்பரை நிறுத்திடலாம்மா."

போன் கடையில் ஒரு பையன் காரணம் கேட்டான். அத்தை சொன்னார். இப்போது அந்தச் சொல் வருகிறது. "நம்பரை வச்சிருக்க முடியாதுங்கம்மா, கொஞ்ச மாசம் கழிச்சு வேற யாருக்காவது போயிரும்" என்றான். அத்தை தலையாட்டினார்.

மே 17, ஞாயிறு

இடப்பக்க மானிட்டரை உடனே சாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வந்து எடுத்துப் போனார். கம்பளியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

மேசை ரொம்ப நீளமாக இருக்கிறது. இன்னும் அந்தப் பக்கம் திரும்புகிறேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

துணி காயப் போட்டுவிட்டு வந்தேன். அத்தை கட்டிலில் தன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் என்னவோ மாதிரி.

"யாரு அத்தை?"

"அவன் நம்பரைப் போட்டுப் பாத்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மணி அடிச்சுது. யாரோ ஒரு பையன் எடுத்தான். எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. சாப்பிட்டியாப்பான்னு கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"யாருன்னுகூடக் கேக்கலம்மா. 'சாப்டேம்மா'ன்னான்."